மாத்திரைக்குப் பன்னிரண்டு நாள் லீவு

சிட்லபாக்கத்தில் எச்.எம். சார் வீடு எது என்று கேட்டால் யாரும் ஏரிப் பக்கம் கையைக் காட்டுவார்கள். ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷமாகியும் வில்பிரட் என்ற பெயர் யார் வாயிலும் வருவதில்லை. உதவி பெறும் பள்ளி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷ வேலை, அதில் கடைசிப் பதினொரு வருஷம் தலைமையாசிரியர் நாற்காலி. மனுஷன் பொய் சொல்ல மாட்டார் என்று ஊரே சத்தியம் செய்யும். சர்ச் சபைத் தேர்தலில் ஓட்டு எண்ண வேண்டுமென்றால் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து வந்து அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர் நாலு வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒரு தில்லுமுல்லு செய்துவந்தார். அதைத் தில்லுமுல்லு என்றே அவர் நினைக்கவில்லை. வேடிக்கை அதுதான்.

அவருக்கு இதயம் தாளம் தப்பித் துடிக்கிற வியாதி. அதற்குத் தினம் ஒரு மாத்திரை. நல்ல மாத்திரைதான். ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிடும்போது சிலருக்கு ஈரலைப் பதம் பார்த்துவிடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து ஈரல் எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் ஷ்யாம்சுந்தர் முதல் நாளே சொல்லியிருந்தார். சாதாரண ஆளாக இருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பான். எச்.எம். சார் மண்டைக்குள் அது வேறு மாதிரி போய் உட்கார்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்ஷன் என்று எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்ஷன் எப்படி நடக்கும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் முன்னாலேயே சுவருக்கு வெள்ளை அடித்துவிடுவார்கள். பக்கத்துப் பள்ளியிலிருந்து இரண்டு மைக்ராஸ்கோப் இரவல் வந்து சேரும். வகுப்புக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ வராதடா, வீட்லயே இரு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகள். வருகைப் பதிவேட்டில் அவர்களுக்குக் காய்ச்சல். அதிகாரி வந்து முதல் பெஞ்சில் கேள்வி கேட்பார், டாண் டாண் என்று பதில் வரும், 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் பிரியாணி சாப்பிட்டுப் போவார். முப்பத்திரண்டு வருஷம் இதைச் செய்த வில்பிரட்டுக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. விருந்தாளி வந்தால் கொடியில் கிடக்கும் துணியை அள்ளி உள்ளே போடுவதில்லையா என்பார்.

ஈரலுக்கும் அதே ஏற்பாடு. ரத்தம் எடுக்கும் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்பிருந்து எண்ணெய்ப் பலகாரம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டன் கிடையாது. தட்டு நிறைய பப்பாளி. இதுவரைக்கும் சரி, யாரும் குற்றம் சொல்ல முடியாது. கூடவே மாத்திரைக்கும் லீவு கொடுத்துவிடுவார். படிப்பு ஏறாத பையனைத்தானே முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்!

காலை டிபன் முடிந்ததும் மனைவி சரோஜினி ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் மாத்திரையைப் போட்டு அவர் முன்னால் வைப்பாள். அவர் அதை உள்ளங்கையில் கொட்டி, வாய்க்குள் எறிவது போல் கையை வீசி, ஒரு டம்ளர் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவார். அங்கே பழைய கண்ணாடிக் கூடு ஒன்று இருந்தது. மாத்திரை அதற்குள் போய்விடும். ரத்தம் கொடுத்த மறுநாளிலிருந்து பழையபடி விழுங்க ஆரம்பிப்பார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபின் கூட்டில் சேர்ந்த பன்னிரண்டையும் வாஷ்பேசினில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவார்.

ஏன் இந்தப் பாடு என்றால், பயம். மாத்திரைக்குப் பயப்படவில்லை, மாத்திரை போய்விடுமோ என்று பயம்.

அதற்கு முந்தைய காலம் அவருக்கு மறக்கவில்லை. கோழியைச் சாக்கில் போட்டுக் கட்டினால் எப்படி அடித்துக்கொள்ளும், அப்படி அடித்துக்கொண்டது நெஞ்சு. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஒரு சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். ஜனம் தாண்டித் தாண்டிப் போயிற்று. ஒரு பூக்காரம்மாதான் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். இரண்டு மாத்திரைகள் மாற்றிப் பார்த்தும் கேட்கவில்லை. மூன்றாவதாக வந்ததுதான் இது. பத்தே நாளில் கோழி அடங்கிவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சரோஜினி சபையில் காணிக்கை போட்டாள்.

அதே சமயத்தில்தான் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் பொழிச்சலூர் வேதாசலம் அறிமுகமானார். அவருக்கும் இதே மாத்திரை. "ஈரல் நம்பர் ஏறிடுச்சுன்னு நிறுத்திட்டாரு சார். நிறுத்தினதுலேர்ந்து திரும்பப் படபடன்னு வருது" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னார். அடுத்த தடவை போனபோது அந்த நாற்காலி காலி. விசாரித்ததற்கு, இறந்துவிட்டார் என்றாள் முன்னறையில் டோக்கன் கொடுக்கும் பெண். எதில் போனார் என்று வில்பிரட் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? நம்பர் ஏறினால் மாத்திரை போச்சு, மாத்திரை போனால் ஆள் போச்சு. அன்றே மனசுக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்.

இப்படி எட்டு இன்ஸ்பெக்ஷன் தாண்டியாயிற்று. ஒன்பதாவதில்தான் வினை வந்தது. வந்தது சரோஜினி மூலமாக.

சரோஜினி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யார் எந்தக் குரலில் எதை மறைக்கிறார்கள் என்று முதல் 'ஹலோ'விலேயே தெரிந்துவிடும் என்று பீற்றிக்கொள்வாள். பாவம், சொந்த வீட்டுக்காரர் விஷயத்தில் அந்தக் காது நாலு வருஷம் வேலை செய்யவில்லை. இரண்டு மாதம் முன்பு பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். பக்கத்தில் இருந்த சாராள் டீச்சர் கண்ணைத் திறந்து பார்த்தபோது வியர்த்து ஊற்றிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தாள். அவளுக்கும் தாளம் தப்புகிறது என்றது ஈ.சி.ஜி.

"இது ஒட்டுவாரொட்டி இல்ல டாக்டர்?" என்று அவள் கேட்க, ஷ்யாம்சுந்தர் சிரித்துவிட்டார். ஆனால் சிரிக்கிற நிலைமை நீடிக்கவில்லை. ஒரு மாத்திரை கொடுத்தார், கால் வீங்கிற்று. இன்னொன்று கொடுத்தார், எழுந்தால் தலை சுற்றிற்று. கடைசியில், சார் சாப்பிடுகிற மாத்திரையையே உங்களுக்கும் ஆரம்பிக்கலாம் என்றார். சரோஜினி மாட்டவே மாட்டேன் என்றாள். மாத்திரை அட்டையோடு வருகிற பொடி எழுத்துக் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்திருந்தாள்.

"ஈரல் போயிடும்னு அவனே அச்சடிச்சுக் குடுக்கறான். தெரிஞ்சுக்கிட்டே எவளாவது முழுங்குவாளா?"

"நான் முழுங்கலையா?" என்று வில்பிரட் கேட்டார்.

"உங்க உடம்பு கல்லு."

மூன்று வாரம் இப்படியே ஓடிற்று. மாடிக்குத் துணி எடுக்கப் போகிறவள் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போவாள். கீழேயிருந்து பார்க்கும் வில்பிரட்டுக்கு மேம்பாலப் படி ஞாபகம் வரும். அவள் இல்லாத வீட்டை அவரால் ஒரு நிமிஷம் கூட நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்படியாவது இவள் மாத்திரைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும் ஆண்டவரே என்று தினமும் ஜெபித்தார்.

ஜெபம் பலித்தது. ஆனால் பலித்த விதம் இருக்கிறதே!

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வில்பிரட்டின் ஒன்பதாவது ரிப்போர்ட் மேஜைமேல் இருந்தது.

"எஸ்.ஜி.பி.டி., அதான் ஈரல் நம்பர், முப்பத்தொண்ணு. பர்ஃபெக்ட் சார். உங்களை மாதிரி ஒரு டெஸ்ட் கூடத் தவறவிடாத பேஷண்ட் பத்துப் பேர் இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்" என்றார் டாக்டர்.

சரோஜினி கையை நீட்டி ஃபைலை வாங்கினாள். ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினாள். இருபத்தெட்டு, முப்பத்து மூன்று, முப்பது. ஒன்பது காகிதத்தையும் பார்த்து முடித்துவிட்டு மூடினாள்.

"நாப்பத்தோரு வருஷமா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய். இவர் ஈரலுக்கு நாலு வருஷமா ஒண்ணும் ஆகலைன்னா எனக்கும் ஆகாது. எழுதுங்க டாக்டர்."

"அப்படிக் கணக்குப் போடக் கூடாதும்மா. ஒரே வீட்டுல இருந்தாலும் உடம்பு வேற வேற. நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல, சிலருக்கு ஏறும். அதுக்குத்தான் ரத்தம் பாக்கறது."

"அதெல்லாம் சரி. ஆனா பேப்பர்ல போட்டதைவிட கண்ணெதிர இருக்கிற ஆளைத்தான் நான் நம்புவேன்."

வில்பிரட்டுக்கு ஏ.சி. அறையில் வியர்த்தது. வீட்டில் அவள் கையில் சிக்கக் கூடாதென்று எடுத்துவந்த கண்ணாடிக் கூடு சட்டைப் பையில்தான் இருந்தது, பன்னிரண்டு மாத்திரைகளோடு. "டாக்டர்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க சார்."

சரோஜினி அவர் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பல நாளாக இல்லாத தெம்பு.

"ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமா?" என்றார் வில்பிரட்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, அதன்பின் மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் திருவிருந்து. வரிசை வரிசையாக ஜனங்கள் எழுந்து அப்பமும் திராட்சை ரசமும் வாங்க முன்னே போனார்கள். பொய்யை மனசில் வைத்துக்கொண்டு அதைத் தொடக் கூடாதென்று வில்பிரட் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அவர் திருவிருந்துக்குப் போகாமல் உட்கார்ந்ததை சரோஜினி பார்த்ததே இல்லை. திரும்பி வந்து, "என்னங்க ஆச்சு?" என்று கிசுகிசுத்தாள். முட்டி வலி என்றார். இது எத்தனையாவது பொய் என்று அவருக்கே எண்ணிக்கை விட்டுப்போயிற்று. சொல்லிவிட்டால் அவள் மாத்திரையைத் தொடவே மாட்டாள், படியில் ஒரு நாள் உட்கார்ந்தவள் எழுந்திருக்காமல் போய்விடுவாள். சொல்லாவிட்டால், தன் பொய்யை நம்பி விழுங்குவாள். அவள் ஈரலுக்கு ஏதாவது ஒன்று ஆனால்? இரண்டு பக்கமும் அவளே நின்றாள். அன்று மட்டன் குழம்பு அவருக்கு இறங்கவில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கெல்லாம் முனிரத்தினம் வந்துவிட்டான். லேபிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவன். ஊசி குத்தினது தெரியாது, வாய் மூடாது.

"போன வாரம் சாருக்கு, இந்த வாரம் அம்மாவுக்கு. குடும்பத்தோட நம்ம கஸ்டமர் ஆயிட்டீங்கோ. கைய மடக்கிக்கோமா. அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு."

அவனுக்கு காபி கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவன் காபியை ஆற்றிக்கொண்டிருக்க, சரோஜினி நாலு இட்லி சாப்பிட்டு எழுந்தாள். அலமாரியிலிருந்து புதிதாக ஓர் எவர்சில்வர் கிண்ணம் எடுத்தாள். ஒன்றில் அவர் மாத்திரை, ஒன்றில் தன் மாத்திரை. தன்னுடையதைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, எச்.எம். சார் ஈரலை நம்பி இறங்கறேன்" என்று சிரித்தாள்.

வில்பிரட் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போடாத சரோ."

"என்ன?"

"என்னை நம்பிப் போடாத."

சட்டைப் பையிலிருந்து, இன்னும் காலி செய்யாத கண்ணாடிக் கூட்டை எடுத்து, திறந்து, மேஜைமேல் கவிழ்த்தார். பன்னிரண்டு மாத்திரைகள் உருண்டன. ஒன்று இட்லித் தட்டில் போய் விழுந்தது. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பன்னிரண்டு நாள், வருஷத்துக்கு இரண்டு தடவை, நாலு வருஷமாக. அசெம்பிளியில் சுற்றறிக்கை வாசிப்பதைப் போலத்தான் ஆரம்பித்தார். பாதிக்கு மேல் மேஜையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார்.

முதலில் வாயைத் திறந்தவன் முனிரத்தினம்தான். "இன்னா சார் இது! பரிட்சையில பிட்டு அடிச்சா பசங்கள பிச்சிருவீங்கோ. நீங்களே அடிச்சிக்கீறீங்களே!" சொன்னபிறகுதான் சரோஜினியின் முகத்தைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, மீதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்தான். "நான் கெளம்பறேம்மா."

கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"போன கிறிஸ்மஸுக்கு முன்னாடி," என்றாள் மெதுவாக. "கேரல் பாட வந்தவங்களுக்குக் கேக் குடுக்கப் போயி, கேட்டைப் பிடிச்சிட்டு நின்னீங்களே. கேஸ் ட்ரபிள்னு சோடா வாங்கிட்டு வரச் சொன்னீங்க. அது?"

"லீவு நாள்தான்."

"அடப்பாவி மனுஷா!" அவள் குரல் உடைந்தது. "நான் சோடாவை ஊத்திக் குடுத்துட்டு உள்ள போயிட்டேனே. இத்தனை நாளா தினம் காலைல இந்தக் கிண்ணத்துல மாத்திரை வைக்கும்போது, ஆண்டவரே இவருக்கு இன்னும் ஒரு நாள் குடுங்கன்னு சொல்லித்தான் வைப்பேன். நீங்க அதைக் கண்ணாடிக் கூட்டுல போட்டீங்க."

அவர் மேஜைமேல் கிடந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

"எனக்குச் சொல்லியிருந்தா நான் என்ன, தூக்கிலயா போட்டிருப்பேன்?"

"பயமா இருந்துச்சு சரோ. நம்பர் ஏறினா மாத்திரையை நிறுத்திடுவாங்கன்னு. வேதாசலத்துக்கு ஆன மாதிரி."

அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். தன் கையில் இருந்த மாத்திரையைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டாள். அவருடைய கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். "முதல்ல இதைப் போடுங்க. என் கண்ணு முன்னால." அவர் போட்டார். "நாக்கைத் தூக்குங்க." தூக்கினார். எழுபதை நெருங்குகிற மனுஷர், குழந்தையைப் போல வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரிடம் அன்றைக்கே போனார்கள். கேட்டு முடித்ததும் ஷ்யாம்சுந்தர் பேனாவை மூடி வைத்தார். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்றிருக்கும். அவர் ஒன்பது காகிதங்களையும் திரும்ப ஒருமுறை புரட்டினார்.

"இந்த மாத்திரை அவ்ளோ சீக்கிரம் உடம்பை விட்டுப் போகாது சார். மாசக்கணக்குல உள்ளயே தங்கும். பன்னண்டு நாள் விட்டதால இந்த நம்பரெல்லாம் பொய்யின்னும் என்னால சொல்ல முடியல, நிஜம்னும் சொல்ல முடியல. உங்க வயசுக்கு டோஸைப் பாதியாக் குறைச்சுப் பாக்கலாம்னு ரெண்டு தடவை நினைச்சேன். ரிப்போர்ட்தான் இவ்ளோ நல்லாருக்கே, எதுக்குக் கலைக்கணும்னு விட்டுட்டேன்."

வில்பிரட் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி 'நன்று' என்று எழுதிவிட்டுப் போனபிறகு அந்தப் பத்துப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது, ஏனோ, அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது. அதில் இரண்டு மூன்று முகங்கள் கூட ஞாபகம் வந்தன. பெயர்கள் வரவில்லை.

"நம்பர் கொஞ்சம் ஏறினா உடனே நிறுத்திடறதில்ல. குறைப்போம், அடிக்கடி பாப்போம். ரொம்ப ஏறினா மாத்துவோம். வேற வழியும் இருக்கு."

"வேதாசலத்துக்கு..." என்று இழுத்தார் வில்பிரட்.

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "பொழிச்சலூர்க்காரரா? அவருக்கு மாத்திரை மாத்தினோம், அப்புறம் நல்லாத்தானே இருந்தார். ரோட்டைக் கிராஸ் பண்ணும்போது லாரி மோதிடுச்சு சார். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். டோக்கன் கொடுத்த பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி. நாலு வருஷம் லாரிக்குப் பயந்து மாத்திரையை ஒளித்திருக்கிறோம் என்று நினைத்தபோது வில்பிரட்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரோஜினி சிரிக்கவில்லை. "அப்ப நான் இனி யாரைப் பாத்து சாப்பிடறது?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"உங்க ரத்தத்தைப் பாத்துத்தாம்மா. இன்னைக்கு எடுத்தது வந்துடும். நல்லா இருந்தா ஆரம்பிங்க. ஒரு மாசம் கழிச்சு திரும்பப் பாப்போம். நடுவுல கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சாலோ, மூத்திரம் டிகாஷன் கலர்ல போனாலோ, சாப்பாடே பிடிக்காமப் போனாலோ, ஆறு மாசம் ஆகட்டும்னு காத்திருக்காதீங்க. அன்னைக்கே வாங்க. சாரும் ஒரு மாசம் ஒழுங்கா மாத்திரை போட்டுட்டு அதே நாள்ல ரத்தம் குடுக்கட்டும்."

சரோஜினியின் ஈரல் நன்றாக இருந்தது. மறுநாள் காலை இரண்டு கிண்ணங்கள் வந்தன. முதலில் அவர், பிறகு அவள். அவர் நாக்கை அவள் பார்த்தாள், அவள் நாக்கை அவர் பார்த்தார். மூன்றாம் நாள் பால் போடுகிற மாரி ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, ரெண்டு பேரும் பழிப்பு காட்டிக்கினு கீறீங்கோ?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்கு மட்டும் அவள் சிரித்தாள். மற்றபடி அந்த மாதம் முழுக்க அவரோடு அளந்துதான் பேசினாள். ஆனால் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறத் தொடங்கியிருந்தாள். கீழே நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடி ஒரு ஸ்தோத்திரம் சொல்வார்.

ஒரு மாதம் கழித்து, முனிரத்தினம் இரண்டு கவர்களைக் கொண்டுவந்து கொடுத்தான். இந்தத் தடவை பப்பாளி இல்லை, மட்டனை நிறுத்தவில்லை, மாத்திரைக்கு லீவு இல்லை. வில்பிரட் வாசலில் நின்றபடியே பிரித்தார். சரோஜினிக்கு இருபத்தாறு. தன் காகிதத்தில் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அளவுக்கு மேலே போனால் லேபில் அப்படித்தான் அடிப்பார்கள். எழுபத்து நான்கு.

நெஞ்சு ஒரு தடவை தட்டிற்று. இது வியாதியால் அல்ல. அவர் கை, அவரைக் கேட்காமலே, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குக் கொண்டுபோயிற்று. உள்ளே சரோஜினி மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய இருபத்தாறை மட்டும் கொண்டுபோய்க் காட்டலாம். நம்முடையது நாளைக்கு வரும் என்று சொல்லலாம். ஒரு நாள் கிடைக்கும். ஒரு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மிக்ஸி நின்றது. அவர் சமையலறைக்குப் போய் இரண்டு காகிதங்களையும் மேடைமேல் வைத்தார். தன்னுடையதன் மடிப்பைக் கையால் தேய்த்து நீவிவிட்டார்.

"உனக்கு நல்லா இருக்கு சரோ. எனக்கு ஏறியிருக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மடிப்பையும் பார்த்தாள். ஒரு மாதமாக இறுகியிருந்த முகம் மெல்ல இளகிற்று.

"உங்க ஸ்கூல்ல ஃபெயில் மார்க் வாங்கினவன் என்ன செய்யணும்?"

"வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வரணும்."

"கையெழுத்தோட வந்தா?"

"அடிக்க மாட்டேன்."

"பேனா குடுங்க" என்றாள் சரோஜினி.

சட்டைப் பையில், முன்பு கண்ணாடிக் கூடு இருந்த இடத்தில், பேனா இருந்தது. எடுத்துக் கொடுத்தார். தடித்த எழுத்தில் இருந்த எழுபத்து நான்குக்குப் பக்கத்திலேயே, மார்க் ஷீட்டில் போடுவது போல, முழுப்பெயரையும் எழுதிக் கீழே கோடிழுத்தாள்: சரோஜினி வில்பிரட்.

சாயங்காலம் டாக்டர் அந்தக் கையெழுத்தைப் படித்துவிட்டு, நிமிர்ந்து இருவரையும் ஒரு முறை பார்த்தார். டோஸைப் பாதியாக்கினார். ஆறு வாரம் கழித்து ரத்தம் என்று எழுதினார். மாத்திரையை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை சரோஜினி கத்தியால் மாத்திரையைப் பாதியாக வெட்டிக் கிண்ணத்தில் வைத்தாள். வில்பிரட் அதை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, அவள் கேட்பதற்கு முன்னாலேயே நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"போதும், மூடுங்க" என்றாள் அவள். "நம்பறேன்."